பவர் பட்டனுக்குப் போன கை

"ஹேங் ஆகுதுங்க" என்று போன் வந்த உடனே பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, போன கையோடு ஃபார்மேட் அடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் குற்றமில்லை.

சேலத்தில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை எனக்கு ஒதுக்கியிருந்த பகுதி ஏற்காடு மலை. பெண்பிள்ளைக்கு மலை எதற்கு என்று மேனேஜர் முதலில் இழுத்தார். ஆனால் கூட வேலை பார்த்த ஆண்களில் ஒருவரும் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கத் தயாராக இல்லை. அதனால் மலை எனக்கே வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம், எஸ்டேட் ஆபீஸ், லாட்ஜ், மருத்துவமனை என்று அங்கே நான் குனிந்து பார்க்காத மேஜையடி கிடையாது.

கம்ப்யூட்டருக்கு வரும் கோளாறுகளில் எனக்கு அறவே பிடிக்காதது இந்த ஹேங்தான். அடியோடு செத்துப்போன பெட்டியைத் திறந்தால் காரணம் தெரிந்துவிடும். அவ்வப்போது உறைந்து நிற்கிற பெட்டியோ நாம் போய் நிற்கும்போது மட்டும் சமர்த்தாக ஓடும். கூப்பிட்டவர் நம்மைப் பார்ப்பார், நாம் பெட்டியைப் பார்ப்போம். அந்த வெட்கத்தில்தான் பாதிப் பேர் எதையாவது செய்துவிட்டு வர வேண்டுமே என்று ஃபார்மேட் அடிக்கிறீர்கள். நான்கு நாள் கழித்து அதே பெட்டி அதே மாதிரி நிற்கும். அதற்குள் நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள்.

நான் அப்படிச் செய்வதில்லை. பெட்டி என் கண் முன்னால் ஒரு தடவை நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "சும்மா உட்கார்றதுக்கா சேலத்துல இருந்து வந்தீங்க?" என்று எத்தனையோ பேர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஆமாம், அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இப்போது சொல்லப்போவது நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் டாக்டரம்மா ஒருவர், பல வருடமாக அங்கேயே இருக்கும் ஸ்டெல்லா சிஸ்டர், நாலைந்து கட்டில்கள். இதயத்தைப் பரிசோதிக்கும் ஈசிஜி கருவி காகிதத்தில் கோடு போடும் பழைய ரகமில்லை. சிறிய டப்பா ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகி, நோயாளியின் நெஞ்சில் வயர்களை ஒட்டினால் திரையில் கோடுகள் ஓடும். யாரோ நல்ல மனசுக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கம்ப்யூட்டர்தான் நின்று நின்று போனது.

ஸ்டெல்லா சிஸ்டர் போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "மேடம், ஈசிஜி எடுக்கையில பாதியில நின்னுருதுங்க. ரெண்டு வாட்டி ஆளு வந்து என்னமோ புதுசா ஏத்திக் குடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு மூணு நாளு நல்லா ஓடுச்சு, பொறவு பழைய கதைதானுங்க."

ஐப்பசி மாதம், இரண்டாம் சனிக்கிழமை. விட்டு விட்டு மழை. காலை பஸ்ஸில் போய் இறங்கியபோது எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. கம்ப்யூட்டர் பெட்டியை ஓடவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தேன். அது என்னவோ மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்த பெண் மாதிரி அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "இப்ப மட்டும் எப்படி ஓடுது பாருங்க மேடம், என்னைப் பொய்க்காரி ஆக்குது" என்று பெட்டியை முறைத்துவிட்டுப் போனார்.

நல்ல மழை ஒன்று அடித்து ஓய்ந்த நேரத்தில் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. மஞ்சக்குட்டைத் தடத்தில் ஆள் ஏற்றும் பொன்னுசாமியின் ஜீப். அவரை எனக்குத் தெரியும். பஸ் வராத நாட்களில் என்னையும் என் டூல் பையையும் பல தடவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஐம்பதை ஒட்டிய வயது, வாட்டசாட்டமான ஆள். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி லட்சுமி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"சிஸ்டர், இவருக்கு நெஞ்சு நோவுதுன்னு சொல்றாருங்க. ஏற்காட்டுக்குத்தான் கெளம்புனோம். வழியில பெரிய சில்வர் ஓக் மரம் ரோட்டுக்குக் குறுக்கால சாஞ்சு கெடக்குதுங்க. அங்கயே திருப்பிக்கிட்டு வந்துட்டாரு. நோவோட இவரேதான் ஓட்டிக்கிட்டு வந்தாருங்க, நான் என்னத்தைச் சொல்ல!"

"கேஸ் புடிச்சுக்கிச்சுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார் பொன்னுசாமி. சொல்லும்போதே நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. அந்தக் குளிரில் எங்களில் யாருக்கும் வேர்க்கவில்லை.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்தோம். டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், மென்று விழுங்கச் சொல்லி மாத்திரைகள் கொடுத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அது மரத்துக்கு அந்தப் பக்கம்தான் வந்து நிற்க முடியும். மரத்தை அறுத்துத் தள்ள ஆட்கள் போயிருப்பதாகத் தகவல் வந்தது. அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜீப்புக்கு வேறு சுற்றுவழியும் இல்லை. அந்த நிலைமையில் அவரைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டுவதற்கு டாக்டரம்மா ஒப்பவில்லை.

டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில் நிலைமையைச் சொன்னார். "மேடம், எங்கிட்ட ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. இது மாரடைப்புதான்னா அதை உடனே போடணும். லேட் ஆக ஆக இதயம் கெட்டுக்கிட்டே போகும். மாரடைப்பு இல்லாம அந்த ஊசியைப் போட்டுட்டா, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு அதுலயே ஆள் போயிடலாம். ஈசிஜி பார்க்காம நான் அதைத் தொட முடியாது. மெஷின் ஓடுமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒருவர் கேட்கும்போது "ஓடும்" என்று சொல்லத்தான் வாய் வரும். அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று தோன்றும். நான் உண்மையைச் சொன்னேன். "ஓடினாலும் ஓடும், நின்னாலும் நிக்கும் டாக்டரம்மா. என்ன காரணம்னு எனக்கு இன்னும் தெரியல." அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே.

சிஸ்டர் நோயாளியின் பெயரை அடிக்கத் தொடங்கினார். பாதிப் பெயரில் கர்சர் நின்றது. மவுஸும் நகரவில்லை. நான் குனிந்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன், அதன் விளக்கு எரியவில்லை. ஏதோ ஒரு மென்பொருள் மட்டும் சிக்கியிருந்தால் அந்த விளக்காவது எரியும். முழுப் பெட்டியும் நின்றுபோயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் பழக்கதோஷத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டார். இந்தத் தடவை பெயர் கேட்கும் பக்கம்கூட வரவில்லை. அதற்கு முன்னாலேயே நின்றது.

முதல் தடவை காலையிலிருந்து ஓடி ஓடி நின்றது. அணைத்த கையோடு மறுபடி போட்டதும் சீக்கிரமே நின்றது. அடுத்து போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்கும். ஃபார்மேட் அடித்துத் தீர்க்கக்கூடிய கோளாறு இப்படி நடந்துகொள்ளாது. உள்ளே ஏதோ கொதிக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைப் பார்த்தேன். முதன்முதலில் இதை வைத்துக் கொடுத்த மகராசன் திருகாணிகளை மாட்டாமலே போயிருந்தார். மூடி தொட்டதும் கையோடு வந்தது.

உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. அடித்தளத்தில் மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டிய சிறிய முடிச்சு ஒன்று கிடந்தது. வெள்ளையாக இருந்த துணி என்று சொல்ல வேண்டும். அதிலிருந்து பிரிந்து ஏறிய கறுப்புத் தூள் ஃபேனின் இறக்கைகளில் அப்பி, பிராசஸருக்கு மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடைவெளியை எல்லாம் அடைத்திருந்தது. முடிச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடுப்புக்கரி.

மலையில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். மூடுபனிக் காலத்தில் பீரோவில் வைத்த பட்டுப்புடவையிலிருந்து ஜெபப்புத்தகம்வரை எல்லாவற்றிலும் பூசணம் பூக்கும். அதற்குத்தான் எல்லா வீட்டிலும் கரியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு வைப்பார்கள். கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பீரோவுக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. பீரோவில் ஃபேன் ஓடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. "நாந்தானுங்க வெச்சேன்" என்றார். "மழைக்கு உள்ள ஈரம் ஏறிப் பாழாப் போயிருமேன்னு, மூடி தொறந்து கெடந்துச்சுன்னு, நல்லதுன்னு நெனைச்சுத்தானுங்க மேடம்... ஐயோ, என் கையால..." அவர் விரல்கள் நடுங்கின.

என் சுபாவம் தெரிந்தவர்களுக்கு அடுத்து நான் என்ன பேசியிருப்பேன் என்று தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொன்னுசாமியின் நெஞ்சில் அந்த வயர்களைச் சரியான இடங்களில் ஒட்டத் தெரிந்த விரல்கள், டாக்டரம்மாவை விட்டால், அந்த அறையில் சிஸ்டருடையவை மட்டும்தான். டாக்டரம்மாவோ ஊசியைத் தயார் செய்ய வேண்டும். எனக்கு அந்த விரல்கள் நடுங்காமல் வேண்டும். "என் ஊட்டு பீரோவுலயும் இதேதான் கெடக்குது சிஸ்டர். இதை நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப அவருக்கு வயரை ஒட்டுங்க. நீங்க ஒட்டி முடிச்சாத்தான் நான் பெட்டியைப் போடுவேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

யார் செய்தது என்கிற கேள்வியைத் தள்ளி வையுங்கள். எனக்கும் அது எளிதாக வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் தள்ளி வைத்தேன்.

அடுத்து என்ன செய்வது? டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தூசிதானே மேடம், ஊதி விட்டா போதாதா?" என்றார். என் பையில் பிரஷும் இருந்தது, ஊதும் குமிழும் இருந்தது. இரண்டையும் எடுக்கவில்லை. கரித்தூள் வீட்டுத் தூசி மாதிரி இல்லை, அதில் மின்சாரம் பாயும். தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு கிடக்கும்வரை அது சூட்டைத்தான் ஏற்றும். ஊதினால் பறந்துபோய் மதர்போர்டின் மேல் எங்கே உட்காருமோ தெரியாது. இப்போது நின்று நின்று ஓடுகிற பெட்டி அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. முழுதாகக் கழற்றித் துடைத்து மாட்டலாம். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை அது, அதற்கு நேரமில்லை.

உங்கள் லேப்டாப்பில் அந்த டப்பாவைச் செருகியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. செருகினேன். அந்த மென்பொருளை விற்ற கம்பெனி அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான் ஓடும்படி பூட்டியிருந்தது. மாற்றித் திறக்க அவர்கள் ஆபீஸுக்குப் பேச வேண்டும். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இரண்டாம் சனிக்கிழமை என்றேனே.

ஆகவே எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சூடு ஆறிய பெட்டி கொஞ்ச நேரம் ஓடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். முடிச்சை மட்டும் பக்குவமாக எடுத்து வெளியே வைத்தேன். மூடியைத் திறந்தபடியே விட்டு, ஜன்னலையும் திறந்துவிட்டேன். வெளியே இருந்த குளிரைவிட நல்ல ஏசி எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. பிரிண்டர், நெட் கேபிள் என்று தேவையில்லாத வயர்களை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என் வேலைக்காலத்தில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் செய்ததில்லை. ஒரு ஆள் கட்டிலில் முனகிக்கொண்டிருக்கிறார். அவரைக் காப்பாற்ற வேண்டிய பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு நான் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். லட்சுமி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏனுங்க அக்கா, இப்படிச் சும்மா உக்காந்துருக்கறீங்களே! ஏதாச்சும் பண்ணுங்க. நீங்க மிஷினு பாக்கறவங்கதானே? உங்களைக் கும்புடறேன், ஏதாச்சும் பண்ணுங்க."

"பண்ணிக்கிட்டுத்தான் இருக்கறேன் சாமி. இது ஆறோணும். ஆறுனாத்தான் ஓடும்."

"அதுக்குள்ள அவருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

எனக்கும் அதே பயம்தான். ஒரு பிரஷ்ஷை எடுத்து எதையாவது தடவிக்கொண்டிருந்தால் அந்த அம்மாவுக்கும் தெம்பாக இருந்திருக்கும், எனக்கும் அந்தப் பார்வையிலிருந்து தப்பித்தது மாதிரி இருந்திருக்கும். கையை மடியில் கோத்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து பொன்னுசாமி, "அவங்களைத் தொந்தரவு பண்ணாத புள்ள" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரேடியேட்டர் கொதிச்சா நானும் இப்படித்தானுங்க அக்கா, ஓரங்கட்டி உக்காந்துக்குவேன்" என்றார். அந்த வலியிலும் மனுஷன் எனக்காகப் பேசினார்.

சிஸ்டர் வயர்களை ஒட்டி முடித்தார். நான் எழுந்து சொன்னேன்: "இந்த வாட்டி பேரு அடிக்க வேண்டாம், வயசு அடிக்க வேண்டாம். பெட்டி எந்திரிச்சதும் நேரா ஈசிஜி. ஓடற ஒவ்வொரு நொடியும் கோட்டுக்கு மட்டுந்தான்."

"பேர் இல்லாம ரெக்கார்டு எப்படி மேடம்?" என்றார் டாக்டரம்மா.

"ஆளு எந்திரிச்சு உக்காந்தப்பறம் அவரே சொல்லுவாரு டாக்டரம்மா."

விரலை அலுமினியத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றில்லை, ஆனால் விரல் தாங்கியது. டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். பெட்டியைப் போட்டேன்.

எழுந்தது. ஈசிஜி பக்கம் திறந்தது. திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின. ஆனால் எல்லாம் ஒரே கிறுக்கலாக வந்தன. திறந்திருந்த ஜன்னல் வழியாக அடித்த குளிரில் பொன்னுசாமிக்கு உடம்பு நடுங்கியது, அந்த நடுக்கமும் கோட்டில் ஏறியது. ஜன்னலை மூடினால் பெட்டி கொதிக்கும், திறந்தால் ஆள் நடுங்குகிறார். "கம்பளி!" என்று டாக்டரம்மா கத்தினார். லட்சுமி ஓடிப்போய்க் கம்பளியைப் போட்டுக் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆடாதீங்க, சித்த நேரம் ஆடாதீங்க" என்று அவர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். கிறுக்கல் குறைந்தது. கோடுகள் தெளிந்தன. டாக்டரம்மா திரைக்கு அருகே குனிந்தார்.

கோடுகள் நின்றன.

அலை ஒன்று பாதி ஏறிய நிலையில் அப்படியே நின்றது. சிஸ்டர் சேமிக்கும் பட்டனை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். ஒன்றும் அசையவில்லை. "போச்சுங்க மேடம், போச்சு!" என்று அலறினார். லட்சுமி கம்பளியைப் பிடித்தபடியே உரக்க அழத் தொடங்கினார்.

என் கை பவர் பட்டனுக்குப் போனது.

நான் யோசித்து நீட்டிய கை இல்லை அது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இருக்கிற கை. பெட்டி நின்றால் அணை, போடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் செய்வோம். விரல் பட்டனைத் தொட்டுவிட்டது, இன்னும் அழுத்தவில்லை. அப்போது டாக்டரம்மாவின் முகம் என் கண்ணில் பட்டது. அவர் அலறவில்லை, நிமிரவும் இல்லை. இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். கடைசியாக ஓடிய கோடுகள் அத்தனையும் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

விரலை எடுத்தேன். "யாரும் எதையும் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் லட்சுமியின் அழுகையே நின்றுவிட்டது. சிஸ்டரின் கையைப் பிடித்துக் கீபோர்டிலிருந்து அப்புறப்படுத்தினேன். "நின்னது நின்னபடி இருக்கட்டும். டாக்டரம்மா, உங்களுக்கு வேண்டியது இதுல இருக்குதா? நல்லாப் பாருங்க. இது எங்கயும் போகாது."

அவர் விரலால் காற்றில் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனார். உதடுகள் அசைந்தன. "இருக்கு" என்றார். "எல்லாம் இருக்கு. மேடம், இதை என் சாருக்கு அனுப்பணும். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டா எனக்குத் தைரியமா இருக்கும்." அவருடைய சார் சேலத்தில் இதய மருத்துவர்.

தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். டியூப்லைட் வெளிச்சம் விழுந்து நடுவில் வெள்ளையாக அடித்தது. விளக்கை அணைக்கப் போன சிஸ்டரைத் தடுத்தேன். அந்தப் பழைய கட்டடத்தில் எந்த சுவிட்ச் எதோடு சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? நானும் சிஸ்டரும் ஒரு போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மறைத்தோம். அடுத்த படத்தில் கோடுகள் சுத்தமாக விழுந்தன. ஜன்னலோரம் நின்றால்தான் டவர் கிடைக்கும். டாக்டரம்மா கையை வெளியே நீட்டிப் படத்தை அனுப்பினார். போனது.

உடனே போன் வந்தது. அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. "சந்தேகமே இல்லைம்மா. போடு."

ஊசி போட்டார். அதன் பிறகு என் வேலை ஒன்றுமில்லை. டாக்டரம்மா கட்டிலை விட்டு நகரவே இல்லை. மழை மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. மத்தியானம் தாண்டிப் பொன்னுசாமியின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. "நோவு கொறைஞ்சுருக்குதுங்க" என்றார். அடுத்துக் கேட்டது, ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று. சிஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, போட்டிருக்கிறது என்றார். அப்போதுதான் அவர் கண்ணை மூடினார்.

மரத்தை அறுத்து உருட்டிவிட்டார்கள் என்று தகவல் வந்த கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. அவரை ஏற்றினார்கள். டாக்டரம்மாவும் உடன் ஏறிக்கொண்டார். லட்சுமி ஏறப் போனவர், திரும்பி உள்ளே ஓடி வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார். திரையில் அந்தக் கோடுகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன.

"அக்கா, இது அவரு நெஞ்சுதானுங்களே?"

"ஆமா கண்ணு."

"அவரு சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் இதை அணைச்சுறாதீங்க அக்கா."

சரி என்று தலையாட்டினேன். ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அறையில் நானும் ஸ்டெல்லா சிஸ்டரும்தான். சிஸ்டர் அந்தக் கரி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "டாக்டரம்மா வந்ததும் சொல்லிருவேனுங்க, என்னாலதான்னு."

"சொல்லுங்க" என்றேன். "கூடவே அவங்க டிரங்குப் பெட்டியில நீங்க போட்டுக் குடுத்த கரியையும் எடுத்துக் காட்டுங்க." டாக்டரம்மா வந்து சேர்ந்த புதிதில் அவர் புடவைகளுக்கும் சிஸ்டர்தான் கரி முடிந்து கொடுத்திருக்கிறார். அது எனக்கு டாக்டரம்மாவே சொன்ன விஷயம். அழுகைக்கு நடுவே சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே மலைக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டுப் பொருள்களை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று அங்கிருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். பெட்டியில் என்ன கோளாறு என்று அப்புறம் கேட்கலாம்.

எனக்கு மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெட்டியை அணைத்துக் கழற்றி, தகடுகளைத் துடைத்து மாட்ட வேண்டும். டூல்களை எல்லாம் மேஜைமேல் எடுத்து வைத்தேன். வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். படம் போனில் பத்திரமாக இருக்கிறது, திரையில் இருப்பதால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை. உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது, அணைப்பதுதான் பெட்டிக்கு நல்லது. இவை எல்லாம் எனக்குத் தெரியும். இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டால் கிண்டல் அடிக்கிறவள் நான். இருந்தும் அந்தப் பட்டனுக்கு என் கை போகவில்லை. ஆம்புலன்ஸ் இப்போது எந்த வளைவில் இறங்கிக்கொண்டிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி, பாதி ஏறி நின்ற அந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் சிஸ்டரின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவர் அதை என்னிடம் நீட்டினார். லட்சுமி.

"அக்கா, உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பெரிய டாக்டரு வந்து பாத்துட்டாரு. நல்லாப் பேசறாருங்க. என்னையவே சாப்புட்டியான்னு கேக்கறாரு." அழுதாரா சிரித்தாரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு, "அதை அணைச்சுட்டீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி. இன்னும் அப்படியேதான் நிக்குது."

"இனி அணைச்சுக்கோங்க அக்கா" என்றார்.